வுகாஷின் வீட்டு விசைப்பலகையின் மறைவு

உலக இலக்கியத்தின் போக்கைத் தீர்மானித்தவை போர்களும் புரட்சிகளும்தான் என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்கின்றன. செர்பியாவின் வால்யேவோ ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். செர்பிய மொழியின் மாபெரும் நாவலான, ஊர் நதியின் பெயர் கொண்ட 'கொலுபாராவின் மௌனம்' இன்றுவரை வெளிவராததற்கு முழுமுதல் காரணம் ஒரு விசைப்பலகை. தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கும் வுகாஷின் வீட்டில், சன்னலோர மேசையில் அது இருந்தது.

கம்ப்யூட்டருக்கே வயதாகிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டு, காபி போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண் விழிக்கும். அதை வுகாஷின் ஒருநாளும் குறை சொன்னதில்லை. குற்றவாளி விசைப்பலகை மட்டுமே. சில எழுத்துகள் ஓங்கிக் குத்தினால்தான் வரும். ஒன்று, தொட்டாலே ஏழெட்டாக வந்து நிற்கும். இந்த உடல்நிலை பற்றி அவர் மதுக்கடையில் தவறாமல் 'அறிக்கை' வெளியிடுவார்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று மேசையில் இருப்பவர்கள் தணிந்த குரலில் விசாரிப்பார்கள்.

"காலையில கொஞ்சம் தேவல. மத்தியானத்துக்கு மேல மறுபடி படுத்துடுச்சு."

"புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?"

"விரலுக்குப் பழகினதுய்யா. புதுசுல கதை வருமா?"

எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டில் இப்படியொரு நோயாளியை வைத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் எத்தனை பக்கம் ஆச்சு என்று கேட்பது நாகரிகமா? யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடக் கூடாதே என்றுதான் தன் அறிக்கைகள் நாளுக்கு நாள் நீளமாகின்றன என்பது வுகாஷினுக்கே தெரியும். தெரிந்தும், மனிதர் தன் திறமையை உள்ளூர ரசித்தார்.

வம்பு மைத்துனர் மிலுடின் வடிவில் வந்தது. மனைவி தெசங்காவின் தம்பி. தேனீ வளர்ப்பதைப் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம் ஊர்ப் புத்தகக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. வுகாஷின் வேலைக்குப் போகும் வழியிலேயே நின்றது. அந்த வயிற்றெரிச்சலில், போன வருஷம் வீட்டில் நடந்த ஸ்லாவா என்னும் குடும்பத் திருநாள் விருந்தில், குடும்பத்தின் காவலரான புனித நிக்கோலாவின் படத்துக்கு முன்னால், நாலு பேர் கேட்க வுகாஷின் வாக்குக் கொடுத்துவிட்டார்: அடுத்த ஸ்லாவாவில் முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவார். இல்லாவிட்டால் எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்வதையே விட்டுவிடுவார்.

நாள் நெருங்கியது. முந்தின நாள் மத்தியானம், முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டே தெசங்கா கேட்டார்.

"ஏங்க, நாளைக்கு வாசிக்கணுமே?"

"இந்தக் கீபோர்டை வெச்சுக்கிட்டா?"

பக்கத்து வீட்டு டிஹோமிர் உப்பு வாங்க வந்தவர், காதில் விழுந்ததும் உப்பை மறந்தார். சர்க்கரை ஆலையில் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "இதுக்கா மலைக்கிறீங்க? ராக்கியா இருக்குல்ல?" என்றார்.

அதை மறுத்துப் பேச அந்த ஊரில் ஆள் கிடையாது. காய்ச்சலுக்கு ராக்கியா என்ற பழச்சாராயத்தில் காலுறையை நனைத்துப் போடுகிறார்கள். பல்வலிக்கு வாயில் அடக்குகிறார்கள். துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் அதேதான் மருந்து. விசைப்பலகை மட்டும் விதிவிலக்கா? நோயாளியைத் துண்டின் மேல் கிடத்தினார்கள். அலமாரியில் கைக்கு வந்த புட்டியைத் திறந்து, டிஹோமிர் தனக்கு ஒரு மடக்கு, நோயாளிக்கு ஒரு மடக்கு என்று பாரபட்சமில்லாமல் ஊற்றினார்.

"இனிக்குதே," என்றார் கடைசியில்.

அது தேன் கலந்த ராக்கியா. மிலுடினின் சொந்தத் தேன். விடிந்தபோது எந்த எழுத்தை அழுத்தினாலும் எல்லா எழுத்துகளும் கைகோத்துக்கொண்டு கீழே போயின, போனவை திரும்பவில்லை. வுகாஷின் கலங்கினார். கலக்கத்துக்கு அடியில் பெரிய நிம்மதியும் இருந்தது.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை, வருகிறவர்களைத் தடுக்கிற வழக்கமும் இல்லை. வீடு நிறைந்தது. மெழுகுவத்தி எரிந்தது. பாதிரியார் ரொட்டியை அறுத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். வுகாஷின் எழுந்து தொண்டையைச் செருமி, "இன்று அதிகாலை, சிகிச்சை பலனின்றி..." என்று தொடங்கினார். எல்லோரும் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். "கடவுள் அதை மன்னிக்கட்டும்," என்று யாரோ சொல்ல, அவித்த கோதுமை இனிப்பை ஆளுக்கொரு கரண்டி, இறந்தவர்களுக்குச் சாப்பிடுவதுபோலவே, விசைப்பலகையின் ஆன்மாவுக்காகச் சாப்பிட்டார்கள். இவ்வளவு அழகாக முடியும் என்று வுகாஷினே எதிர்பார்க்கவில்லை.

அப்போது மிலுடின் காருக்குப் போய் ஒரு பெட்டியோடு திரும்பினார்.

"டிஹோமிர் அண்ணே காலையிலயே போன்ல சொன்னாரு மச்சான். என் தேன்தான் கொன்னுடுச்சாம். மனசு கேக்கல. புதுசு வாங்கிட்டேன்."

"எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்?" என்றார் வுகாஷின். வாழ்க்கையில் இவ்வளவு உண்மையாக அவர் எதையும் கேட்டதில்லை.

மாட்டினார்கள். வேலை செய்தது. கூட்டம் தட்டும் கோப்பையுமாக மேசையைச் சுற்றி வளைத்தது.

"வாசிக்கத்தான் முடியல. தலைக்குள்ள இருக்கிறத ரெண்டு பக்கம் அடிச்சுக் காட்டுங்க மச்சான். அது போதும்."

வுகாஷின் உட்கார்ந்தார். தலைப்பை அடித்தார். தன் பெயரை அடித்தார். 'முதல் அத்தியாயம்' என்று அடித்தார். ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஒரு முறை, பட்டாளத்துக்காரன்போல வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் விரல்களைச் சொடுக்கெடுத்தார். உள்ளே துழாவிப் பார்த்தார். கொலுபாரா இல்லை, மௌனம் இருந்தது. பயமாகவும் இருந்தது.

"இத்தன பேரு பாத்தா வராதுப்பா."

"அதுக்கென்ன," என்றார் மிலுடின். அத்தனை பேரும் மரியாதையாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, புனித நிக்கோலாவைப் பார்த்தபடி நின்றார்கள். வாயில் இருந்ததை யாரும் மெல்லக்கூட இல்லை. கலைக்கு அந்த ஊரில் அவ்வளவு மதிப்பு.

நேரம் போனது. விருந்து ஆறியது.

"சத்தத்தையே காணோமே," என்றார் டிஹோமிர் திரும்பாமலே. "இதுவும் கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று சொல்ல வுகாஷின் ஆசையோடு வாயைத் திறந்தார். தெசங்கா முந்திக்கொண்டார்.

"கீபோர்டு நல்லாத்தான் இருக்குண்ணே. எழுதணும்னா பழசுலகூட எழுதியிருக்கலாம்."

கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை. மாபெரும் நாவலின் முதல் வாக்கியமாக அதைப் போட்டிருந்தால் பிரமாதமாக இருந்திருக்கும். வுகாஷின் போடவில்லை. விசைப்பலகை தயாராகத்தான் இருந்தது.