கூடையோடு வாங்க, பறவை பார்க்கலாம்

இருபத்திரண்டாவது வயதில் எனக்கு மூளை கிடையாது. பிற்பாடு வந்ததா என்று என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள். அந்த இல்லாத மூளையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியங்கள் ஏராளம். ஆனால் எழுநூறு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு வெள்ளைத் துண்டை மூன்று தடவை தலைக்கு மேலே வீசினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதில் ஒரு கண்மாய் காலியானது, ஒரு மேலதிகாரிக்குக் கெளுத்தி முள் குத்தியது, நான் எட்டு மாதம் கோழிகளுக்கு ஊசி போட்டேன்.

ஐம்பதுகளின் கடைசி. அன்னவாசல் பக்கம் ஒரு ஊர். (பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் இன்னும் என்னை மறந்தபாடில்லை.) அந்த ஊர்க் கண்மாய்க் கரையில் பூங்கா என்று ஒன்று இருந்தது. இரண்டு சிமெண்டு பெஞ்சு, நாலு அரளிச் செடி, ஆடு நுழையாதபடி முள்கம்பி வேலி, வேலிக்கு உள்ளே எந்நேரமும் நாலைந்து ஆடு. நான் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன். புதுக்கோட்டை டவுனில் கீழ ராஜ வீதிப் பக்கம் வளர்ந்தவன். கண்மாயைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். மீனை அப்பாவின் பைக்குள் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவன்தான் ஜனங்களுக்கு இயற்கையைச் சொல்லித்தரக் கிளம்பினேன். 'கோடைக்கால இயற்கை வகுப்பு. ஞாயிறுதோறும் காலையில். குடும்பத்துடன் வருக. அனுமதி இலவசம்' என்று என் கையாலேயே பலகை எழுதிப் பூங்கா வாசலில் கட்டினேன். பறவைப் படங்கள் வரைந்தேன். தகரத்தில் ஒரு ஊதுகுழல் செய்து வாங்கினேன், கூட்டம் அதிகமானால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று.

முதல் ஞாயிறு ஒரு குடும்பம் வந்தது. ஆட்டுக் குடும்பம். என் பலகையின் ஓரத்தைத் தின்றுவிட்டுப் போனது. இரண்டாம் ஞாயிறு ஒரு பெரியவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் நாரையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் கண்ணைத் திறந்து, "பஸ்ஸு போயிருச்சா?" என்றார். மூன்றாம் ஞாயிறு அவரும் இல்லை.

திங்கட்கிழமை எங்கள் அதிகாரி கூப்பிட்டார். கோபப்படவே மாட்டார், சாந்தமாகத்தான் கழுத்தை அறுப்பார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு நான் என் சம்சாரம், பிள்ளைங்களோட வர்றேன். அங்க அம்பது குடும்பம் இருக்கணும். இல்லைன்னா வகுப்பை மூடிட்டு நீ கோழிப் பிரிவுக்குப் போயிரு. அங்க ஊசி போட ஆள் இல்லை."

எனக்குக் கோழி என்றால் பயம். (சிரிக்காதீர்கள். கோழியின் கண்ணை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) ஆனால் அதைவிட, நாலாவது ஞாயிறும் ஆட்டுக்குப் பாடம் நடத்த நான் தயாராக இல்லை. வைராக்கியம் பிடித்துக்கொண்டது. ஐம்பது என்ன, நூறு குடும்பம் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சபதம் செய்துகொண்டு, சுற்றுவட்டாரத்தில் தண்டோரா போடும் மாரியைத் தேடிப் போனேன். பலகை படிப்பவனைத்தான் கூப்பிடும். பறை எல்லாரையும் கூப்பிடும் அல்லவா. அவருக்கு வாசகம் எழுதிப் படித்துக் காட்டினேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கண்மாய்க்கரைக்கு எல்லாரும் குடும்பத்தோட வரணும். எந்த ஊர்க்காரவுகளும் வரலாம். எல்லாம் இலவசம். ஆளுக்கொரு கூடை கொண்டாரணும்."

கூடை எதற்கு என்றால், உதிர்ந்த இலை, இறகு, நத்தைக்கூடு எல்லாம் பொறுக்கிச் சேர்க்க. என் யோசனைதான்.

மாரி பறையைக் கீழே வைத்தார். "சார், வைகாசி மாசம். கண்மாய்க்கு வரச் சொல்றீங்க. கூடையும் கொண்டாரச் சொல்றீங்க. அம்பலத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இது அரசாங்க நிகழ்ச்சி. அம்பலத்தைக் கேக்கணும்னு ரூல் இல்லை."

"ரூலு இல்லைங்க. மீனு இருக்குல்ல."

"மீனும் இயற்கைதான். அதையும் சொல்லித்தருவோம். நீங்க நான் எழுதினதை மட்டும் சொல்லுங்க."

நேர்ந்துவிட்ட கிடாயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, பறையை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

அவர் சொல்ல வந்ததும் நான் சொல்லவிடாததும் இதுதான். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் அந்தப் பக்கத்தில் ஊர்கூடி மீன் பிடிப்பார்கள். தண்டோரா போடுவார்கள். எந்த ஊர்க்காரரும் வரலாம், பிடித்த மீன் பிடித்தவருக்கு. ஆனால் கரையில் இருக்கும் ஐயனாருக்கு முதலில் பொங்கல் வைக்க வேண்டும். பிறகு அம்பலம், அதாவது ஊர்த் தலைவர், மடைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அந்தத் துண்டு வீசும்வரை ஒரு குழந்தைகூடத் தண்ணீரில் கால் வைக்காது. வீசிவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது.

ஞாயிறு விடியும்போது கரைக்குப் போனேன். எழுநூறு பேர் இருக்கும். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். கந்தர்வகோட்டையிலிருந்துகூட ஒரு குடும்பம், தங்கச்சி வீட்டுக்கு வந்த இடத்தில் கேள்விப்பட்டு வந்திருந்தது. எல்லார் கையிலும் கூடை. பலர் கையில் இருந்த மூங்கில் கூடைக்கு அடியே இல்லை. ஓட்டைக் கூடையோடாவது படிக்க வந்திருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கியது. (அதன் பெயர் ஊத்தா. மீனின்மேல் கவிழ்த்துப் போட்டு, மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுப்பது.) சிலர் வலை வைத்திருந்தார்கள். வண்ணத்துப்பூச்சிக்கு என்று நினைத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். தோளில் மடிப்புக் கலையாத புதுத் துண்டு. கருப்பையா அம்பலம்.

"தம்பி, இம்புட்டுச் சனத்தை யாரு கூப்பிட்டது?"

"நாங்கதாங்க. வட்டார ஆபீஸ்."

"என்னத்துக்கு?"

"பறவை பாக்க."

அவர் அந்த எழுநூறு பேரையும் ஒருமுறை பார்த்தார். "இவுக பறவை பாக்க வந்த மாதிரித் தெரியலையே. மீன் பிடிக்கல்ல வந்திருக்காக. ஐயனாருக்குப் பொங்க வைக்க இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு."

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகப் போய்விட்டது போல.

"பயப்படாதீக. நான் உத்தரவு குடுக்காம ஒருத்தரும் எறங்க மாட்டாக. நீங்க பேச வந்ததைப் பேசுங்க. அப்புறம் நான் சொல்லி அனுப்பிச்சுவிடுறேன்."

உத்தரவு என்பது வாயால் சொல்வது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஊதுகுழலை எடுத்தேன். சிறவி வாத்தைப் பற்றிப் பேசினேன், முக்குளிப்பானைப் பற்றிப் பேசினேன். அப்படி ஒரு நிசப்தமான சபை எந்தப் பேச்சாளருக்கும் வாய்த்திருக்காது. எழுநூறு ஜோடிக் கண்களும் இமைக்காமல் எனக்குப் பக்கத்தில் நின்றவரின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தன. என் பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்றே அன்றைக்கு நம்பினேன்.

அப்போது தூரத்தில் ஜீப் புழுதி தெரிந்தது. அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஆனால் டிரைவர் கரை பிரியும் இடத்தில் இங்கிட்டுத் திரும்பாமல் அங்கிட்டுத் திரும்பிவிட்டான். விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். எழுநூறு பேரைக் கூட்டிவைத்துவிட்டு, பார்க்க வேண்டியவர் பார்க்காமல் போவதா? விடவே கூடாது. எங்கே ஏறினால் கண்ணுக்குத் தெரிவோம் என்று பார்த்தேன். மடைதான் உயரம். ஓடிப் போய் ஏறினேன். என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி, தலைக்கு மேலே மூன்று தடவை நன்றாகச் சுழற்றி வீசினேன். போதாதென்று ஊதுகுழலில், "வாங்க, வாங்க, எல்லாரும் எறங்கி வாங்க" என்று குரலும் கொடுத்தேன். ஜீப்பில் இருந்தவர்களைத்தான் சொன்னேன்.

ஜீப் நின்றது. மற்ற எதுவும் நிற்கவில்லை.

கரை அதிர்ந்தது. எழுநூறு பேரும் என் இரண்டு பக்கமும் மடைவெள்ளம்போல இறங்கினார்கள். கண்மாயில் இருந்த பறவை மொத்தமும் ஒரே சமயத்தில் எழும்பியது. என் மூன்று மாதப் பாடத்திட்டம் சித்தன்னவாசல் மலைப் பக்கமாகப் பறந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் நானா விடுவேன்? எடுத்த காரியத்தை முடிக்க வேண்டும் என்ற வெறியில், ஊதுகுழலைப் பிடித்துக்கொண்டு, "அதோ போறது நீர்க்காகம், பின்னால போறது நாமக்கோழி, கழுத்தைக் கவனிங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஒருவரும் கழுத்தைக் கவனிக்கவில்லை. எல்லாரும் குனிந்திருந்தார்கள்.

அதிகாரி வந்து என் அருகில் நின்றார். "என்ன நடக்குது இங்க?"

"குடும்பங்கள் சார்," என்றேன். "அம்பதுக்கு மேலயே இருக்கும்."

அவர் மனைவி இறங்கி வந்து, தண்ணீரில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டார். "ஏம்மா, பிடிச்சா நம்ம வீட்டுக்கே கொண்டு போகலாமா?"

"பிடிச்சவுகளுக்குத்தான் ஆத்தா. கூடை இல்லையா?"

அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தார். கணவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார், சேலையை இழுத்துச் செருகினார், இறங்கிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் அதற்கு முன்பே இறங்கியாயிற்று. தொப்பியை மீட்பதற்காக அதிகாரியும் பூட்ஸோடு இறங்கினார். சேற்றில் கால் புதைய, கையை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் ஒரு கெளுத்தி இருந்தது. அந்த மனிதர் சத்தமாகப் பேசி அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"நாளைக்கே கோழிப் பிரிவுக்குப் போடா."

இதுவரை எழுதியதெல்லாம் எனக்கு இன்று சிரிப்பாக இருக்கிறது. இனி வருவதற்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் மடையிலிருந்து இறங்கியபோது கருப்பையா அம்பலம் நின்ற இடத்திலேயே நின்றார். தோளில் புதுத் துண்டு மடித்தபடியே இருந்தது.

"எங்க அப்பாரு இருபது வருசத்துக்கு மேல வீசுனாரு," என்றார். "போன வருசம் போய்ச் சேந்துட்டாரு. எனக்கு இது மொதோ வருசம்."

அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்காமல் விடுவதில்லை என்று நானும் தொடர்ந்தேன். முதல் தடவை போனபோது வீட்டுக்குள்ளிருந்து, "அம்பலம் வீட்ல இல்லை" என்று அம்பலத்தின் குரலே சொன்னது. இரண்டாம் தடவை மோர் வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் தடவை வாயைத் திறந்தார். "சாமிக்குச் செய்யாம கண்மாயில எறங்குனா மழை பெய்யாதும்பாக. மழை பெஞ்சு கண்மாய் பெருகட்டும். அப்புறம் பேசுவம்."

ஆக, என் பிழைப்பு வருண பகவான் கைக்குப் போனது. ஐந்து மாதம் கோழியைப் பிடிப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாகக் கழிந்தது. அதே ஊரில் வீடு வீடாக ஊசி போடப் போனால் பெண்கள், "துண்டு வீசுன தம்பியா? கோழியையும் பறக்க விட்டுராதீக" என்பார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்கள். நாலே நாளில் கண்மாய் நிரம்பி மறுகால் போனது. அன்று ஒரு கையில் கோழியும் மறு கையில் ஊசியுமாக நடுத்தெருவில் நனைந்துகொண்டு நின்று சிரித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோழிக்கே என்மேல் பயம் வந்துவிட்டது.

தை பிறந்ததும் அம்பலம் அலுவலகத்துக்கே வந்தார். அதிகாரியிடம், "அந்தத் தம்பியோட வகுப்பு எங்க ஊருக்கு வேணும். நான் சொல்ற அன்னைக்கு நடத்தணும்," என்றார்.

அதிகாரி உள்ளங்கையைத் தடவிக்கொண்டே கேட்டார். "எதுக்குய்யா?"

"மீன்பிடி அன்னைக்குச் சனம் இருட்டோட வந்துருது. துண்டு வீசுற வரைக்கும் ஒரே தள்ளுமுள்ளு. இவரு பேசுனா அசையாம ஒக்காந்திருக்காக. போன வருசம் பாத்தேன்ல."

அதிகாரி மறுத்திருப்பார். ஆனால் அந்த வாரமே அவர் மனைவி, இந்த வருஷம் அந்த வகுப்பு எப்போது என்று கேட்டுவிட்டாராம். எனக்கு உத்தரவு எழுத்தில் வந்தது: 'வகுப்பு நடத்தலாம். துண்டு கூடாது.'

அந்த வைகாசியில் ஐயனாருக்குப் பொங்கல் வைத்த பிறகு, எழுநூறு பேருக்கு ஒரு மணி நேரம் பறவைப் பாடம் நடத்தினேன். யாரும் ஓட முடியாது, நான் முடித்தால்தான் துண்டு. "நாரையைச் சுருக்கா முடிங்க தம்பி" என்று குரல் வந்தும் நான் ஒரு இறகைக்கூட விடவில்லை. முடித்ததும் அம்பலம் மடைமேல் ஏறினார். ஒரு வருஷமாக விரிக்காமல் வைத்திருந்த அதே துண்டு. அவர் கையில் அது விரிந்தபோதுதான், நான் வீசியது வெறும் ஈ ஓட்டுவது என்று புரிந்தது. ஜனங்கள் இறங்கிய பிறகும் வெகுநேரம் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு மாற்றல் ஆகும்வரை ஆண்டுதோறும் அந்த வகுப்பு நடந்தது. அதற்குப் பிறகும் மீன்பிடிக்கு எனக்கு அழைப்பு தவறியதில்லை. விஷயம் என் கல்யாணத்துக்குள் எங்கும் பரவி, மாப்பிள்ளைத் துண்டை என் மைத்துனன் சட்டையோடு சேர்த்து ஊக்குக் குத்திவிட்டான். எங்கள் வீட்டில் இன்றுவரை வெள்ளைத் துண்டு வாங்குவதில்லை, கட்டம் போட்டதுதான். எங்காவது கூட்டத்தைக் கண்டால் போதும், "அப்பா கையைப் பிடிச்சுக்கங்க" என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் வந்துவிடுவார்கள்.

போன வருஷமும் போயிருந்தேன். அம்பலத்துக்கும் வயதாகிவிட்டது. வலிக்கும் தன் தோளைப் பிடித்துக்கொண்டே மடைமேல் ஏறினார். பக்கத்தில் போய் நின்று, பல வருஷமாக மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"தோள் வலிக்குதுன்னா, ஒரே ஒரு தடவை, முறைப்படி நான் வீசட்டுங்களா?"

துண்டைத் தன் மறுபக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒங்க மொறை அன்னைக்கே முடிஞ்சு போச்சு தம்பி."