இடிக்க முடியாத கடையைப் பற்றிச் சம்பந்திக்கு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

கடைக்காரன் வணக்கம் சொன்னால் பின்னாலேயே பில் வரும் என்பார்கள். இந்த வணக்கத்துக்குப் பின்னால் மன்னிப்புதான் வருகிறது. இங்கே நானும் வீட்டிலும் சௌக்கியம். அங்கே நீங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, எங்கள் பெண் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலியும் இந்நேரம் குறைந்திருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீங்கள் "சரி, அப்புறம்?" என்று இரண்டு தடவை கேட்பீர்கள், எனக்குச் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். டிராயிங் மாஸ்டராக இருந்து பிள்ளைகளுக்கு நேர்கோடு போடக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். இந்தக் கடிதம் வளைந்து நெளிந்து போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் பேச நீங்கள் வந்த அன்று நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். என் பெயின்ட் கடை இருக்கும் இந்தப் பழங்கட்டடத்தை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்புவேன், கீழே கடை, நடுவில் மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பல் ஆஸ்பத்திரி, மேலே பிள்ளைகள் குடியிருக்க வீடு என்று. மாப்பிள்ளை இன்னொருவர் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்குப் பல் பிடுங்குவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? நீங்கள் அப்போது "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னீர்கள். சாப்பிட்டதும் நான் கல்லாவில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். நீங்கள் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு விரலெல்லாம் கரியோடு வந்து குழாய் எங்கே என்று கேட்டீர்கள். எங்கள் தெருவில் எதைத் தொட்டாலும் கரிதான், அதற்கும் மன்னிக்கவும். இப்போது சொல்ல வந்தது இதுதான்: அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியாது. கட்டடத்தை இடிக்கக் கூடாதாம். நகராட்சியே சொல்லிவிட்டது.

எப்படி நடந்ததென்றால், ஒருநாள் காலையில் நகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் அம்மாவும், கையில் சின்னச் சுத்தியலோடு ஒரு ஒல்லி மனிதரும் வந்தார்கள். நான் வரி விவகாரம் என்று நினைத்து முகத்தை ஏழைமுகமாக வைத்துக்கொண்டேன். அவர்களோ என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அந்த மனிதர் சுவரைத் தட்டுகிறார், காதை வைத்துக் கேட்கிறார், தலையாட்டுகிறார், மறுபடி தட்டுகிறார். மாப்பிள்ளை பல்லைத் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி. அந்த அம்மா மாடிப்படியின் வளைவைத் தடவிக்கொண்டு, ஜன்னலுக்கு மேலே இருக்கும் கலர்க் கண்ணாடியை வாய் பிளந்து பார்க்கிறார். நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது, தெருப்பக்கம் அதை மறைத்து என் விளம்பரப் பலகையை மாட்டியிருக்கிறேன். இந்தக் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று யாரோ ஒருத்தர் மனுக் கொடுத்திருக்கிறாராம், படத்தோடு. யார் என்று கேட்டால் பெயர் சொல்ல விதி இல்லையாம். நகராட்சி தன் கூட்டத்தில் அங்கீகாரம் தரும், ரிப்பேர் செலவில் பாதியை மானியமாகத் தரும், வாசலில் ஒரு பலகையும் பதிக்கும் என்றார்கள்.

சம்பந்தி, நான் தள்ளுவண்டியில் சுண்ணாம்பு விற்று மேலே வந்தவன். என்னை யாரும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது. நானே என்னை ஏமாற்றிக்கொண்டால்தான் உண்டு. பலகை என்றதும், நகராட்சி செலவில் என் கடைக்கு ஒரு போர்டு என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. அவர்கள் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன், டீயும் வாங்கிக் கொடுத்தேன். இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையை அன்று ராத்திரி என் வீட்டுக்காரிதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொன்னாள். இன்றைக்கு வாசலில் இருக்கும் பலகை என் உள்ளங்கை அளவு. அதில் "பாதுகாக்கப்பட்ட கட்டடம்" என்று இருக்கிறது, கடைப் பெயர் இல்லை. முகப்பை மறைக்கிறது என்று என் பெரிய போர்டையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

மனுக் கொடுத்தவர் யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்க்கடை டைல்ஸ்காரர் மேல்தான் சந்தேகம். நேரே போய்க் கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"ஏண்ணே, நீங்க இடிச்சுக் கட்டினா மூணு மாடிக்கும் தரை என் கடையிலதான எடுப்பீங்க? நான் எதுக்கு அதக் கெடுக்கப் போறேன்?"

நியாயம்தான். வீட்டுக்காரியைக் கேட்டேன். "நான் மனு எழுதியிருந்தா சமையக்கட்ட மட்டும் முதல்ல இடிங்கன்னு எழுதியிருப்பேன்" என்றாள். அதுவும் நியாயம். இந்தப் பாழுங்கட்டடத்தின் மேல் இவ்வளவு அக்கறையுள்ள ஆள் உலகத்தில் யார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதைவிட விளங்காதது, பழசு என்பதற்காகக் காசு கொடுக்கிறார்களே, அது. எங்கள் தொழிலில் பழைய சரக்கைத் தள்ளுபடி போட்டுத் தள்ளுவோம். அந்தப் பொறியாளர் அம்மாவிடமே கேட்டுவிட்டேன், இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று. அவர் யோசித்துவிட்டு, "சார், உங்க கடையில ஒரு ஷேடு கம்பெனியே நிறுத்திட்டான்னு வைங்க. பாதிச் சுவர் அடிச்சவன் வந்து கேட்டா என்ன செய்வீங்க?" என்றார். என்ன செய்வேன், கடைசி டின்னை என்ன விலைக்கும் விற்பேன். அப்போதுதான் எனக்கு லேசாகப் புரிந்த மாதிரி இருந்தது.

புரிந்ததோடு நின்றிருக்கலாம். அடுத்த வாரம் நகராட்சிக் கமிட்டி முழுதும் பார்க்க வருகிறது என்றார்கள். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பெயின்ட் கடைக்காரன் வீடு அழுக்காக இருந்தால் என்ன மரியாதை? ஆள் வைத்து முகப்பு முழுவதும் மாம்பழ மஞ்சளில் எனாமல் அடித்தேன், வளைவுகளுக்கு மயில் நீலம். முதல்தரச் சரக்கு, பத்து வருஷம் உரியாது. கமிட்டி வந்தது. சுத்தியல்காரர் பார்த்தார், சுத்தியலைப் பையில் போட்டார், படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். "சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும் சார், நீங்க மூக்கப் பொத்திட்டீங்க" என்றார். மானியத்தில் முதல் வேலையே நான் அடித்த பெயின்டை உரிப்பதுதான் என்று எழுதினார்கள். சரி, உரிக்கிற மருந்து இந்தத் தெருவிலேயே என் கடையில்தான் இருக்கிறது, விட்டதைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். கட்டடத்துக்காரனே தன் கட்டடத்துக்குச் சரக்குப் போட்டு மானியம் வாங்கக் கூடாதாம். அடுத்த தெருக் கடையில் வாங்கினார்கள். அவன் என்னைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டான்.

ஆனால் உரித்தார்களே, அங்கேதான் சம்பந்தி எனக்கு வேடிக்கை பிடித்துக்கொண்டது. என் மஞ்சளுக்குக் கீழே ஒரு பச்சை, அதற்குக் கீழே சந்தனம், அதற்கும் கீழே முதல் சுண்ணாம்புப் பூச்சு. அது ஒரு நிறம். சாம்பல் என்றால் சாம்பல் இல்லை, நீலம் என்றால் நீலமும் இல்லை, மழை விட்டதும் வானம் இருக்குமே, அப்படி. எந்த ஷேடு கார்டிலும் அது இல்லை, எல்லாக் கம்பெனி கார்டையும் சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டேன். கடை மூடியதும் நானே கலக்கிப் பார்க்கிறேன். ஈரத்தில் அதே மாதிரி இருக்கிறது, காய்ந்ததும் வேறாகிவிடுகிறது. எவன் கலந்தான், எதைப் போட்டுக் கலந்தான்? வாடிக்கையாளர் வந்து நிற்கிறார், நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன். தொழில் தெரிந்தவன் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இன்னொன்று. மாடி முன்கூடம் எனக்குக் கிடங்கு, தெரியும்தானே. பலகைத் தரை பாரம் தாங்காது என்று அத்தனை டின்னையும் இறக்கச் சொல்லிவிட்டார்கள். வேறு இடமில்லாமல் எங்கள் படுக்கையறைக்குப் போயிற்று. தலைமாட்டில் பிரைமர், கால்மாட்டில் டர்பன்டைன், நடுவில் நாங்கள். "பெயின்ட் கடைக்காரன கட்டிக்கிட்டேன், பெயின்ட் கடையவே கட்டிக்கிட்டேனா?" என்று கேட்கிறாள். கூடம் இப்போது காலி. நாலு பெரிய ஜன்னல் திறந்து கிடக்கிறது, பயன் ஒன்றும் இல்லை.

ஆகவே மூன்று மாடி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பெற்றவர் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். மாமனார் வாக்குத் தவறியவன் என்று அவர் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள் என்று நாங்கள் ஆசைப்பட்டோம். பரவாயில்லை, உங்கள் நிழலிலேயே இருக்கட்டும். என் பேராசைக்கு இது கூலி. உங்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இரண்டு பேரும் வாய் நிறையப் பல்லோடும் சிரிப்போடும் நீண்ட காலம் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வாக்குத் தவறிய உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்பெட்டிக்குக் கிளம்பும்போது மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். உங்களிடம் சிநேகிதர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார்களாம். அதே நேரத்தில் நகராட்சி ஆள், மனுவோடு வந்த படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டக் கொண்டுவந்தான். நான் புகைப்படம் என்று நினைத்திருந்தேன். அது கரிக்கோலால் வரைந்த படம். படிவளைவு, கலர்க் கண்ணாடி, எல்லாம் அச்சு அசல். என் போர்டு மட்டும் இல்லை. அதன் கீழே கல்லாவில் ஒரு தடித்த ஆள் வாயைத் திறந்து தூங்குகிறார்.

மாப்பிள்ளை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, இது அப்பா போட்ட கோடு" என்றார்.

மேலே எழுதிய மன்னிப்பு மொத்தத்தையும் இத்துடன் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மகனை இங்கே அனுப்ப மனசில்லை என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும், நகராட்சி வரை போயிருக்க வேண்டாம். ஆனாலும் ஒரு காசு செலவில்லாமல் மூன்று மாடியை நிறுத்தினீர்களே. என்னைவிடப் பெரிய வியாபாரி நீங்கள், தெரியாமல் போச்சு.

மாப்பிள்ளை படத்தை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். காலிக் கூடத்தில் ஜன்னல் ஜன்னலாக நின்று பார்த்தார். கீழே வந்து, "வாய்க்குள்ள பாக்க இந்த மாதிரி வெளிச்சம் நான் எங்கயும் பாத்ததில்ல மாமா. புதுசா கட்டினா இது வராது" என்றார். பொறியாளர் அம்மாவுக்குப் போன் போட்டோம். நோயாளி நாற்காலி ஒன்று இரண்டு போட்டால் தரை தாங்கும், ஆள் புழங்கினால்தான் பழங்கட்டடம் நிலைக்கும், அந்தக் கூடத்து ரிப்பேரும் மானியத்தில் சேரும் என்றார். பிள்ளைகள் அடுத்த மாதமே வருகிறார்கள். குடியிருக்க, எங்களோடு பின்கட்டிலேயே இடம் பண்ணிக்கொள்கிறோம். டின்களை எங்கே வைப்பது என்று உங்கள் சம்பந்தியம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நாற்காலி எங்கே, கைகழுவும் தொட்டி எங்கே என்று சுவரைத் தொடாமல் ஒரு படம் போட்டுத் தர வேண்டுமாம், அது நகராட்சி விதி. எனக்குத் தெரிந்த டிராயிங் மாஸ்டர் நீங்கள் ஒருத்தர்தான். மகன் வேலை செய்யப்போகும் இடம், நீங்களே வந்து போட்டுக் கொடுத்தால் அவருக்கும் சந்தோஷம். அந்தச் சுவர் நிறத்தையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். சம்பந்தியம்மாவையும் அழைத்துக்கொண்டு நாலு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள். இந்தத் தடவை நான் தூங்க மாட்டேன்.