கீழ்ச்சட்டைக்கு ஒரு மேல்சட்டை

இந்த ஜில்லாவிலேயே இடுப்புக்குக் கீழே ஒரு கவலையும் இல்லாத ஒரே ஆண்மகன் காத்தோட்டம்தான். அவருடைய கவலை எல்லாம் இடுப்புக்கு மேலே. என்னுடைய கவலை எல்லாம் அவர்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். காத்தோட்டம் என் மனைவியின் அண்ணன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்குப் போனாலும், வாங்க என்று சொல்வதற்குள் ஜன்னலைத் திறந்துவிட்டு, "காத்தோட்டம் வேணும்ல?" என்பார். துக்க வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை ஏ.சி. பஸ்ஸில் ஜன்னல் திறக்கவில்லை என்று பாதி வழியில் இறங்கி, கொளுத்துகிற வெயிலில் நின்று நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறார். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும்.

மில் வெக்கையில் காலமெல்லாம் காக்கி பேன்ட்டுக்குள் வெந்தவர் அல்லவா? ஓய்வு பெற்றதுமே அத்தனை பேன்ட்டையும் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவரிடம் போட்டு ஒரு தூக்குவாளி வாங்கிவிட்டார். பிறகு லுங்கி. அந்த லுங்கி அவரைக் கூமாப்பட்டியில் கைவிட்டது. ஒரு காதுகுத்துக்கு மொபெட்டில் போகையில் நுனி சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. வண்டி நின்றது. லுங்கி நிற்கவில்லை. பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தவர் ஓர் இலையோடு வெளியே வந்தார். விருந்துக்கு இலை கொண்டுவருகிறார் என்று நினைத்து ஒரு பெண் அதை வாங்கக் கை நீட்டியதுதான் அவர் மனதை உடைத்தது.

"கட்டுனது எல்லாம் ஒருநாள் அவுரும் மாப்ள. தச்சதுதான் நிக்கும்" என்றார் என்னிடம். சொன்னதோடு நிற்காமல் வீட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்தும் விட்டார். முழங்காலுக்குக் கீழே வரை நீளம், சுற்றிலும் மடிப்பு, இடுப்பில் பட்டன், பெல்ட் போட வளையம், இரண்டு பக்கமும் பை. ஒரு பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர்.

"பாவாடை நல்லாயிருக்கு மச்சான்" என்றேன்.

"பாவாடை இல்ல மாப்ள. கீழ்ச்சட்டை."

ராஜபாளையம் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு ஒரு மே மாத மதியம் கரன்ட் போனது. வேர்த்து வழிந்துகொண்டிருந்த தெரு, மடிப்புகள் அசைய நடந்துபோன அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. கோட்டுப் போட்ட கலெக்டரையே பார்த்துக் குரைக்கிற அந்த ஊர் நாய்களும் அவரைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டன.

எனக்கும் ஆட்சேபம் இல்லை. அவருடைய காற்று ராஜபாளையத்தில், என்னுடைய மானம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நடுவில் ஒரு பஸ் பயணம் இருக்கிறது. என் மகளுக்கு நிச்சயம் கூடி வந்தபோதுதான் அந்தத் தூரம் போதவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் சிவகாசி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மடிப்பில் விரல் பட்டால் ரத்தம் வரும், அப்படி ஓர் இஸ்திரி. பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுத் திரைச்சீலை கோணலாக இருந்ததையே இரண்டு பேர் கவனித்தார்கள். அவர்கள் முன்னால், தட்டு மாற்றும்போது, பெண்ணின் தகப்பன் பக்கத்தில் தாய்மாமன் நிற்க வேண்டும். நிற்கப்போவது கீழ்ச்சட்டை. இந்தச் சம்பந்தம் முறியப்போகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மனைவியிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். "உங்க அண்ணனை அன்னைக்கு மட்டும் ஒரு வேட்டி…"

"எங்கண்ணன் எதை உடுத்துனாலும் பொண்ணுக்குத் தாய்மாமன். அவிய நிக்கலைன்னா தட்டே மாத்த வேண்டாம். உங்களுக்குக் கூச்சமா இருந்தா நீங்க வீட்டுல இருங்க."

அடுத்த நாளே காத்தோட்டம் வந்து இறங்கினார். வந்ததும் ஜன்னலைத் திறந்தார். "விசேஷத்துக்குன்னு கருநீலத்துல ஒண்ணு தச்சிட்டேன் மாப்ள. கீழ ரெடி. மேல என்ன போடன்னுதான் பிடிபட மாட்டேங்குது. வாங்க, பஜாருக்குப் போயிட்டு வருவோம்."

தேரடிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடை. கடைக்கார பாய் என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். அவர் காதோடு காதாகச் சொன்னேன்: "ஒரு நாடகத்துக்கு பாய்…"

"நாடகம் இல்ல பாய், நிச்சயதார்த்தம்!" காத்தோட்டத்தின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

சட்டையை உள்ளே விட்டுப் பார்த்தோம். அரைப்பரீட்சைக்குப் போகும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளை மாதிரி இருந்தார். வெளியே விட்டுப் பார்த்தோம். யாரோ அவசரத்தில் பேன்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. எனக்கு ஒரே ஆசைதான்: ஜிப்பா, அதுவும் கணுக்கால் வரை நீளமாக. கீழே இருப்பது கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

"மூடி வைக்கதுக்கா இம்புட்டு மடிப்பு வச்சேன்?" என்று ஜிப்பாவை உதறிப் போட்டார். "இடுப்போட நிக்கணும். காத்துப் போகணும். அவசரத்துக்கு ஒரே இழுப்புல கழட்டணும்."

பாய் கடையில் இருந்ததையெல்லாம் விரித்துப் பார்த்துவிட்டு, களைத்துப்போய்ச் சொன்னார்: "அண்ணாச்சி, இதுக்குக் கீழ ஒரு பேன்ட் எடுத்தீங்கன்னா எல்லாம் சரியாயிரும்."

"கோளாறு கீழ இல்ல பாய். மேல."

"அதைத்தான் நானும் நெனச்சேன்" என்று பாய் என் காதில் சொன்னார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு குன்று, மேலே பெருமாள் கோயில்; நான் அதில் ஏறினேன். பெருமாளே, மச்சானுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், காலில் ஒரு சின்னச் சுளுக்கு, நிச்சயத்தன்று எழுந்திருக்க முடியாத அளவுக்கு மட்டும். இறங்கும்போது சுளுக்கிக்கொண்டது எனக்கு.

நொண்டிக் கால் ஆகிவிட்டதால் என் உடுப்பிலாவது தப்பு வரக்கூடாது என்று, கட்டவே வேண்டாத, இடுப்பில் பட்டை ஒட்டிக்கொள்ளும் ரெடிமேட் பட்டு வேட்டி ஒன்று வாங்கினேன்.

நிச்சயத்தன்று காத்தோட்டம் வந்தார். கீழே கருநீலம். மேலே, கை இல்லாமல், தூய வெள்ளையில், முன்பக்கம் வரிசையாக பிரஸ் பட்டன் வைத்து ஒன்று. துணியைத் தொட்டுப் பார்த்தேன். பேண்டேஜ் துணி! ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே, சத்திரப்பட்டியில் ஊரே நெய்கிற பேண்டேஜ் துணி.

"ரெண்டு மடிப்பு வச்சித் தச்சிருக்கேன். ஊதிப் பாருங்க மாப்ள, அந்தப் பக்கம் காத்து வரும்" என்றார். வாசலில் நின்று அவர் நெஞ்சில் ஊதினேன். வந்திறங்கிய சிவகாசிக்காரர்கள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவம், இந்த நெலமையிலயும் வந்திருக்காக. உக்காரச் சொல்லுங்க" என்று சீக்காளிக்குக் கொடுப்பதுபோல் சூடாகப் பால் வாங்கிக் கொடுத்தார். காத்தோட்டம் அதைக் குடித்துவிட்டு ஜன்னலைத் திறந்தார்.

தட்டு மாற்றும் நேரம். தேங்காய், பழம், மஞ்சள், எங்கள் ஊர்ப் பால்கோவா எல்லாம் அடுக்கிய தட்டை இரண்டு கையாலும் தூக்கிவிட்டேன். தூக்கிய தட்டை எதிர்ப்பக்கம் வாங்கும்வரை கீழே வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நிச்சயப் பத்திரிகை வாசிக்கும் பெரியவர் மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தாவில் ஆரம்பித்திருந்தார். சுளுக்கிய காலை லேசாக மாற்றி வைத்தேன்.

சர்ர்ர்.

பட்டை பிரிந்துவிட்டது. தட்டு கையில், வேட்டி கிளம்பிவிட்டது. முழங்கால்களை ஒட்டிப் பிடித்தேன். பெரியவர் இன்னும் தாத்தாவுக்கே வரவில்லை.

மில்லில் எந்த மூலையில் எந்த பெல்ட் அறுந்தாலும் சத்தத்தைக் கேட்டே ஓடுகிற காது காத்தோட்டத்துக்கு. மெல்லக் குனிந்தார். "மாப்ள, அறுந்துட்டா?"

"போகுது மச்சான்!"

டப் டப் டப் டப். ஒரே இழுப்பு. மேலே போட்டிருந்தது கழன்று, என் இடுப்பைச் சுற்றி வந்து, பட்டன்கள் மறுபடி டப் டப் என்று மாட்டிக்கொண்டன. வேட்டி தரையில் குவியலாகக் கிடந்தது. என் பட்டாபட்டி டிராயரின் கோடுகள் பேண்டேஜ் துணி வழியே மங்கலாகத் தெரிந்தன. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கும் காத்தோட்டமாக இருந்தது.

சம்பந்தி என்னைப் பார்த்தார். பனியனும் கருநீலக் கீழ்ச்சட்டையுமாக, பட்டாளத்துக்காரர் போல விறைத்து நின்ற காத்தோட்டத்தைப் பார்த்தார். முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயா, தாத்தாவைப் பொறவு வாசிச்சுக்கிடலாம்" என்றது சம்பந்தியின் குரல். "மொதல்ல தட்டைக் குடுங்க சம்பந்தி, எம்புட்டு நேரந்தான் தூக்கிக்கிட்டு நிப்பீங்க." வாங்கிய பிறகு காத்தோட்டத்தின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஏங்க, அதுல பை இருக்கா?" என்றார்.

"ரெண்டு பக்கமும்" என்றார் காத்தோட்டம்.

நிச்சயப் படத்தில் எல்லாரும் பட்டில் இருக்கிறார்கள். அவர் மட்டும் பனியனில். அவருடைய மேல்சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "வச்சிக்கோங்க மாப்ள. கல்யாணத்துலயும் தட்டு புடிக்கணும்ல."

அதனால் இப்போது அவருக்கு மேலே ஒன்றும் இல்லை. நேற்று நான் தனியாகப் பாய் கடைக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். "யாருக்குப் பாக்குறீங்க?" என்றார் பாய்.

"எங்க மச்சானுக்கு பாய். கீழ்ச்சட்டைக்கு மேல போட" என்றேன், தேரடி வரை கேட்கிற மாதிரி.