மாமாவுக்கு வந்த மலர்வளையம்

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக் கூட்டத்தில் தலையைக் காட்டாவிட்டால் றெஜினோல்ட்டின் கவுன்சிலர் பதவி பறந்துவிடும். ஆறு மாதம் ஒரு கூட்டத்துக்கும் வராதவரின் கதிரை தானாகவே காலியாகும் என்பது சட்டம். இதை அவருக்கு நினைவூட்டியவர், போன தேர்தலில் அவரிடம் தோற்ற தியாகராஜா. கவுன்சிலின் மின்னஞ்சல்களை றெஜினோல்ட் திறந்தே மாதக்கணக்காகிவிட்டது.

திறக்க நேரமேது? மனிதர் ராணுவத்தின் பகுதிநேரப் படையிலும் இருந்தார். அந்தச் செவ்வாய் மத்தியானம், லண்டனிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், முகாமில் ஒரு லொறிக்குக் கீழே படுத்திருந்தார். இந்த முகாம் முடிந்தால் சார்ஜன்ட் பதவி கிடைக்கும். பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த பதவி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

மேஜரிடம் மறுபடி கவுன்சில் என்று சொல்லி லீவு கேட்க வாய் வரவில்லை. போன வருடமே நான்கு தடவை கேட்டாயிற்று. "உன் கவுன்சில் பிரச்சினையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மேஜர் போன மாதம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். றெஜினோல்ட்டுக்கு அது மிரட்டலாகவே பட்டது.

ஆகவே மாமனாரைச் சாகடித்தார்.

மேஜர் உருகிப்போனார். மாமனாரின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு, தோளைத் தட்டி அனுப்பிவைத்தார். பெயர் எதற்கு என்பது றெயில் பாதி வழி வந்தபோது விளங்கியது. மனைவி மெற்றில்டா வீட்டிலிருந்து போன் எடுத்தாள்.

"இஞ்சை ரெண்டு ஆமிக்காரர் மலர்வளையத்தோடை நிக்கினம். கதவைத் திறந்தது அப்பா."

"மாமா என்ன சொன்னவர்?"

"தாங்க்யூ சொல்லி வாங்கிப்போட்டார். இப்பதான் அதிலை தன்ரை பேரை வாசிக்கிறார்."

அவரை மேல் அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார் றெஜினோல்ட். அதுதான் அடுத்த பிழை. மலர்வளையத்தைக் கண்ட பக்கத்து வீட்டு றோஸ்மலர் அதைப் படம் எடுத்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். மாமனார் ஞானரட்ணத்தாரைக் கண்ணால் காணாததால் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

நகரமன்றக் கதவைத் திறக்கும் அட்டை வீட்டில் இருந்தது. எடுக்க ஓடினால், லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டில் இருபது பேர், மூன்று சட்டி சோறு, பாதியில் நின்ற செபமாலை. ஒவ்வொருவரும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆமிக்காரர் இருவரும் மலர்வளையத்தின் பக்கத்தில் விறைத்து நின்றதால் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. அவரும் அழுதார். மணியைப் பார்த்து உண்மையாகவே அழுதார்.

அப்போது ஞானரட்ணத்தார் படியிறங்கி வந்தார். பூட்டு பழையது.

"செத்தவீட்டுச் சோறெண்டாலும் பரவாயில்லை, எனக்கும் கொஞ்சம் போடுங்கோ. மத்தியானம் துவக்கம் பட்டினி."

றோஸ்மலர் மயங்கி விழுந்தார். ஆமிக்காரரில் ஒருவன் வெளியே போய் மேஜருக்குப் போன் எடுத்தான். றெஜினோல்ட் பஸ் ஏறும்போதே மேஜரின் செய்தி வந்துவிட்டது. சார்ஜன்ட் பதவி வேறொருவருக்கு. திங்கட்கிழமை விசாரணை. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. அந்த வரிதான் அவரை அதிகம் சுட்டது.

ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்க, சேறு படிந்த சீருடையோடு சபைக்குள் பாய்ந்து, வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தார். பார்வையாளர் வரிசையில் தியாகராஜா இருந்தார். முகம் ஏனோ வாடவில்லை. போனது போகட்டும், கதிரையாவது மிஞ்சியதே என்று றெஜினோல்ட் அதில் சாய்ந்து கண்ணை மூடினார். பன்னிரண்டு வருடம் கண்ணுக்குள்ளே நின்றது.

வரவுப் புத்தகத்தை எடுக்க வந்த அலுவலகப் பெண் பிறின்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் ஏன் இப்பிடி விழுந்தடிச்சு வந்தனீங்கள்? ஆமியிலை நிக்கிறவர், வராட்டிலும் கதிரை போகாதெண்டு போன மாசமே, உந்தத் தியாகராஜாவும் பாத்துக்கொண்டிருக்கத் தீர்மானம் போட்டாச்செல்லோ. உங்கடை மேஜர்தான் நேரிலை வந்து கேட்டவர்."