தணிகாசலம் வேண்டாம் என்ற பேனர்

தணிகாசலத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் எங்கள் தெரு முனையில் ஒரு பேனரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

யாரோ ஒரு பிரமுகரின் பிறந்தநாள் பேனர். அது மறைத்ததில் எதிரே வரும் வண்டி தெரியவில்லை. ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் அவன் கால் விரலுக்குப் பக்கத்தில் வந்து பிரேக் போட்டிருந்தாள்.

"முசியே!" என்றான் என்னைப் பார்த்து. பேப்பர் படிக்கிற எல்லோரும் அவனுக்கு முசியே, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன 'ஐயா'. "நான் செத்தா எனக்கு எவனும் பேனர் வெக்கக் கூடாது. வெச்சா எழுந்து வந்து கிழிப்பேன்."

"நான் பாத்துக்கறேன், போ."

"நீ டெல்லியத்தான் பாத்துப்ப. தெருவ எங்க பாத்த?"

அந்த வாரமே மாரடைப்பு. மில்லில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலிருந்து கூடவே இருந்தவன், போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாள் பால் வாங்கப் போனேன். அவன் வீட்டை ஒட்டி, அதே முனையில், புதுப் பேனர்!

ஆகவே அன்றைய வேலை ஒன்றுதான். பேனரை இறக்க வேண்டும். பால் காய்வதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது. மேலே டெல்லித் தலைவர் சிரித்தார். நடுவில் உள்ளூர்ப் பிரமுகர் கும்பிட்டார். ஓரமாகத் தணிகாசலம். கீழே தெருப் பையன்கள் வரிசையாக, தபால்தலை அளவில்.

வரிசையின் கடைசியில் நான்!

என் முகநூல் படத்தை எடுத்திருந்தார்கள். அது ஒரு கல்யாணத்தில் என் மனைவியோடு எடுத்தது. அவளை வெட்டிவிட்டார்கள். என் தோளை ஒட்டி அவளுடைய பச்சைப் புடவைத் தலைப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

அந்த டெல்லித் தலைவரை எதிர்த்துத்தான் நான் தினமும் காலையில் எழுதுகிறேன். கருத்துரிமை, மாநில உரிமை, எல்லாம். நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காவிட்டாலும் லைக் போட்டிருப்பீர்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து பேராசிரியர் நண்பர் போன் செய்தார். "எப்ப சார் கட்சியில சேந்தீங்க? சொல்லவே இல்ல!"

நேராக நகராட்சிக்குப் போனேன். அங்கிருந்த ஊழியரிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன்.

"பெர்மிஷன் இல்லாத பேனர்தான் சார். ஆக்‌ஷன் எடுக்கலாம். யார் மேல?"

"வெச்சவங்க மேல."

"வெச்சவங்கன்னா, கீழ போட்டோ இருக்கறவங்கதானே?" படத்தைப் பெரிதாக்கினார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். "இது நீங்கதானே?"

"ஆமா, ஆனா..."

"உங்க மேல நீங்களே கம்ப்ளெய்ண்ட் குடுக்கறீங்களா? என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு நேர்மையான ஆள பாத்ததே இல்ல சார்!"

நாற்காலி போட்டு உட்காரவைத்தார். டீ வந்தது. குடித்துவிட்டு, புகார் கொடுக்காமல் எழுந்து வந்தேன்.

அடுத்து சேகர். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அது சேகர் கட்சி. பேனர் அவன் ஏற்பாடு.

"சேகர், அந்தப் பேனர் சரியில்லப்பா. அதுல என் போட்டோ..."

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சிக்குங்க ஐயா. ஐயாவ போயி இவ்ளோ சின்னதா போட்டுட்டியேன்னு எங்க வீட்லயே திட்டினாங்க."

"அது இல்ல. தணிகாசலமே பேனர் வேணாம்னு சொன்னாம்ப்பா."

"பெரிய மனுசங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. நாம விட்டுடுவமா? நீங்க வீட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை பழைய பேனர் இல்லை. அந்த இடத்தில் இரண்டு மடங்கு பெரியது இருந்தது. டெல்லித் தலைவரும் நானும் தோளோடு தோள்! என் படம் அதேதான், பச்சைத் தலைப்போடு. என் பெயருக்குக் கீழே 'டெல்லியே திரும்பிப் பார்க்கும் சிந்தனையாளர்'. தணிகாசலம் இன்னும் சிறுத்து ஒரு மூலைக்குப் போயிருந்தான். மேலே அதே 'கண்ணீர் அஞ்சலி'.

தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையோடு நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யோவ், நீ செத்துட்டன்னு இல்ல நெனச்சேன்? உன் பங்கு மீன வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டனே!"

பேராசிரியர் மாலையோடு வந்துவிட்டார். கதவைத் திறந்தது நானே என்று கண்டதும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு, வாங்கின மாலை வீணாகக் கூடாதென்று, கட்சியில் சேர்ந்ததற்காக எனக்கே போட்டார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. ஏணியையும் அரிவாள்மனையையும் எடுத்துக்கொண்டு முனைக்குப் போனேன். ஏறி முதல் கயிற்றில் கை வைத்திருப்பேன். தணிகாசலம் வீட்டுக் கதவு திறந்தது.

அவன் மனைவி விருத்தாம்பாள்.

புருஷன் அஞ்சலிப் பேனரை வெட்டுகிறவனை எந்தப் பெண் சும்மா விடுவாள்?

"அண்ணா!" என்றாள். "கிழிக்காம கயட்டுண்ணா. பின்னாடி கொட்டாய் ஒழுவுது, மேல போடணும். யாராவது கயட்டுவாங்களான்னு மொத நாள்லேர்ந்து பாத்துக்கினே இருக்கேன்."

"உனக்காக வெச்சதுன்னு இல்ல நெனச்சேன்?"

"அந்த மனுசன்தான் வேணாம்னு சொல்லிக்கினே இருந்தாரே. என்ன யாரு கேட்டாங்க? நீ கேட்டியா?"

கேட்கவில்லை. நகராட்சியைக் கேட்டேன், சேகரைக் கேட்டேன். பக்கத்தில் இருந்த அந்தக் கதவைத் தட்டவில்லை. மக்களைக் கேட்காமலே டெல்லியில் முடிவெடுக்கிறார்கள் என்று அன்று காலையில்கூட எழுதியிருந்தேன். நல்ல லைக்.

பேனரைக் கிழிக்காமல் இறக்கினேன். மூங்கிலையும் அவிழ்த்து அவளிடமே கொடுத்தேன். இல்லையென்றால் அடுத்த பிறந்தநாளுக்குச் சேகர் அதையே பயன்படுத்திக்கொள்வான்.

"அவரு வந்துதான் கிழிக்கணும்னு இருந்தாரு. நீ அந்த வேலைய மிச்சப்படுத்திட்ட," என்று விருத்தாம்பாள் சிரித்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

போன வாரம் நல்ல மழை. கொட்டகையைப் பார்க்கப் போனேன். முனையில் எதிரே வந்த ஸ்கூட்டர் தூரத்திலேயே தெரிந்தது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். டெல்லித் தலைவர் கூரையில், விறகு அடுக்குக்கு நேர் மேலே இருந்தார். ஓட்டை இருந்த இடத்தில் என் தோளும், அதை ஒட்டி அந்தப் பச்சைப் புடவைத் தலைப்பும் இருந்தன.

அங்கே ஒழுகவில்லை.