பலகை மாட்டினேன், பதிவைப் பார்க்கவில்லை

சுவரில் ஆணி அடிக்கக் காட்டிய அவசரத்தில் பாதியைச் சான்றிதழ் இருந்த பீரோவைத் திறக்கக் காட்டியிருந்தால், அன்று நான் அப்படி அசிங்கப்பட்டிருக்க மாட்டேன்.

பதினேழு வருஷம் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு வார்டுக்கு இருபது படுக்கை. "சிஸ்டர், ஒரு விஷயம்..." என்று யாராவது ஆரம்பித்தால், "வந்துடறேன்" என்று ஓடுவேன். திரும்பி வந்ததே கிடையாது. ஒரே ஒரு நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசி முடிக்கும்வரை கேட்க வேண்டும். இந்த ஆசைக்காகத்தான் வேலையை விட்டேன். குமணன்சாவடி வீட்டு வாசலில் 'ஸ்டெல்லா சிஸ்டர் - வீடு தேடி வரும் செவிலியர்' என்று பலகை மாட்டினேன்.

நர்ஸ் தனியாகத் தொழில் செய்தாலும் நர்சிங் கவுன்சிலில் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அலுவலகத்துக்காரர் ஞாபகப்படுத்துவார். (இப்போது முதலாளிதான் ஞாபகப்படுத்த வேண்டும். முதலாளியம்மாவோ பலகைக்கு நீலமா பச்சையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.)

முதல் அழைப்பு திருமழிசையிலிருந்து வந்தது. பக்கவாதத்தில் படுத்திருந்த தனசேகர் ஐயா, பழைய லேத் ஆபரேட்டர். முதுகில் படுக்கைப்புண். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் போய், அவர் மகள் கல்பனாவிடம் சான்றிதழை ராணி மாதிரி நீட்டினேன்.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர், இது போன மாசமே முடிஞ்சிடுச்சே?"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா..."

"தேதி முடிஞ்ச மாத்திரைய எங்கப்பாவுக்குக் குடுப்பீங்களா?"

சான்றிதழை வாங்கிப் பைக்குள் வைத்தேன். கட்டுப் போட, பதிவு சரியாக இருந்த என் தோழி மேரியை வரச் சொல்லிவிட்டு வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

"போர்ட மூடுங்க!"

"இன்னாத்தப் போட்டு மூட்றது?"

"எதையாவது!"

கிளம்ப எழுந்தபோது தனசேகர் ஐயா நல்ல கையால் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். கல்பனா காபி கொடுத்தாள். அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினார். கல்யாணமான புதிதில் ஒரு மழை நாள். மனைவி சோற்றுக் கேரியரோடு கம்பெனி கேட்டில் நனைந்துகொண்டு நிற்கிறாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. இவர் எட்டிப் பார்க்கிறார்...

அதற்குள் மேரி வந்துவிட்டாள். "மீதி... அப்புறம்" என்று சிரித்தார்.

வீடு திரும்பினால், பலகைமேல் வீட்டுக்காரரின் கட்டம்போட்ட லுங்கி. எதிர்வீட்டு அண்ணாத்தே கேட்டார்: "இன்னா சிஸ்டர், தொறக்கறதுக்கு முன்னாடியே கடைய மூடிக்கினியா?"

இரண்டு மாதம் கழித்துப் பதிவு புதுப்பித்து வந்தது. அன்றே திருமழிசைக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன்; ஐயாவை அவர் மகன் ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டாராம். கல்பனாவின் போனும் மாறிவிட்டது; மேரியிடமும் புது நம்பர் இல்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பால் பாக்கெட் வாங்கினால் முதலில் என் கைக்குத்தான் வரும். "தேதி பாத்துச் சொல்லு, உனக்குத்தான் அனுபவம் கீது" என்பார் வீட்டுக்காரர். நானும் சிரிப்பேன். ஆனால் ஹைவேயில் ஓசூர் பஸ் நின்றால் மட்டும், அது கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். மழையில் நின்றவளுக்கு அவர் என்ன செய்தார் என்று யாரிடம் கேட்பேன்?