மாப்பிள்ளையின் பீர் வாளியும் என் பிளீச்சும்

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
23-8-1998

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா நாச்சம்மாள் அவர்களுக்கு,

ராமாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், மகள் தென்றல், தங்கள் மகன் அகிலன் மாப்பிள்ளை மூவரும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், சம்பந்தி காலை நடையை விடாமல் இருப்பார் என்று எண்ணுகிறேன். வெயில் இங்கேயும் ஈரோட்டுக்குக் குறைவில்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே மாப்பிள்ளையோடு வேலை பார்த்து, லீவுக்கு ஊருக்கு வந்த செல்வராஜ் தம்பி, "அகிலன் கராஜ்ல சாராயம் காய்ச்சுறானுங்க, மாமியாரும் கூட நின்னு பாத்திரம் கழுவிக் குடுக்கறாங்க" என்று சொன்னதாகவும், பெண் எடுத்த இடம் இப்படியா என்றும் கேட்டிருந்தீர்கள். சாராயம் என்பது தவறு. அது பீர். பாத்திரம் கழுவியது உண்மை.

மார்ச் மாதம் நான் வந்து இறங்கியதுமே கராஜில் மூடி போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் பார்த்தேன். தென்றலைக் கேட்டதற்கு, "அது அவரோட ஹாபிம்மா, கண்டுக்காதே" என்றாள். இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமில்லையாம். மாப்பிள்ளையின் ஆபீஸ் ஆட்கள் அதற்கு ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். எனக்கும் முதலில் திக்கென்றுதான் இருந்தது. தங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று பேனாவைக்கூட எடுத்தேன். ஆனால் மூடியைத் திறந்ததும் அடித்த புளிச்ச வாடையில் எனக்கு வந்த கோபம் வேறு கோபம். பால் குளிரூட்டு நிலையத்து லேபில் முப்பத்தொரு வருஷம் கேன் கேனாக மோந்தவள் நான். ஏன் இந்த வேலை என்று கேட்கப் போனவள், "இதை எதுல கழுவுனீங்க?" என்று கேட்டுவிட்டேன். "டிஷ் சோப்லதானுங்க அத்தை" என்றார். மூன்று தடவை காய்ச்சி, மூன்றும் கெட்டுப்போய்ப் புல்தரையில் கொட்டியிருக்கிறார். அத்தோடு நான் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஆஸ்டினில் இதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. அலமாரி முழுக்கத் தூளும் புட்டியும்தான். அழுக்கு எடுக்கிற தூள், கிருமி கொல்கிற அயோடின், நுரைக்கிற அமிலம் என்று என்னென்னவோ. மாப்பிள்ளை எட்டு மாசமாக அதன் முன்னால் நின்று நின்று, எதை எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பியவராம். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து, எத்தனை நிமிஷம் ஊற வேண்டும் என்று நான் என் இங்கிலீஷில் கேட்டதும், தாடிக்காரக் கடைக்காரர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னிடமே பேச ஆரம்பித்து, நீங்கள் எத்தனை வருஷமாகக் காய்ச்சுகிறீர்கள் என்றும் கேட்டார். முதலில் அழுக்கு போக வேண்டும், அப்புறம்தான் கிருமி மருந்து. அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்துதான் வீணாகும் என்று மாப்பிள்ளைக்குச் சொன்னேன். அதுவரை சரி. கிருமிக்கு எது என்பதில்தான் தகராறு. அயோடின் போதும், அலசவே வேண்டாமாம் என்றார் மாப்பிள்ளை. அலசாத பாத்திரமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. "துணிக்கு ஊத்தற பிளீச் வீட்டுலயே இருக்குதுங்களே. பால் கேனுக்கே நாங்க குளோரின்தான்" என்றேன். பெரியவர்கள் பேச்சைத் தட்ட மாட்டார் தங்கள் மகன். தட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் ஹூஸ்டன் மீனாட்சி கோவிலுக்குப் புறப்படுகிற அவசரத்தில், பிறந்தநாளுக்குத் தென்றல் அவருக்கு வாங்கிக் கொடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அண்டாவில் பிளீச் தண்ணீரை ஊற்றி வைத்தேன். இருபது நிமிஷத்துக்கு மேல் வைக்காதே என்று வேலையாட்களை ஆயிரம் தடவை திட்டியவள், மூன்று நாள் ஹூஸ்டனில் நிம்மதியாகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் அடியில் ஊசி குத்தினாற்போல் துருப் புள்ளி. அது போதாதென்று, வேறு பாத்திரத்தில் காய்ச்சியபோது ரப்பர் குழாயைப் பிளீச் போக நான் சரியாக அலசாமல் விட்டதில் அந்தப் பீர் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாடை அடித்தது. சங்கத்துப் போட்டிக்கு என்று அவர் ஆசையாகச் செய்தது அது. மோந்து பார்த்தார். "பரவால்லைங்க அத்தை" என்றார். போய்க் காரைக் கழுவினார். அந்த வாரம் நாலு தடவை காரைக் கழுவினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

தென்றல்தான் கேட்டாள். "அம்மா, நீ ரிடையர் ஆயிட்டே. அது அவரோடது. ஏம்மா தலையிடறே?"

அன்றைக்கே டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றச் சொன்னேன். ஏர்லைன்ஸுக்கு போன் பண்ண வேண்டிய மாப்பிள்ளை, போனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க போயிட்டா அயோடின் அளவை யாருங்க அத்தை சொல்லுவாங்க?"

"நான் சொன்னதுதான் தப்பாப் போச்சுங்களே."

"குளோரின் தப்புங்க. அழுக்கை முதல்ல எடுக்கோணும்னீங்களே, அது சரிதானுங்களே."

டிக்கெட் பேச்சை அத்தோடு விட்டேன். போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. கீறல் விழுந்த பழைய வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினோம். தூள் கரைத்து ஊற வைத்துக் கழுவி, ஐந்து காலன் தண்ணீருக்கு அரை அவுன்ஸ் அயோடின், அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. மனசில்லாமல்தான் அலசாமலே கவிழ்த்து வைத்தேன். சமையல் மேடையில் சிந்திய இடம் பழுப்பு வட்டமாக நின்றுவிட்டது, தென்றல் அதன் மேல் டோஸ்டரை வைத்திருக்கிறாள். என் விரலெல்லாம் பழுப்பு. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண், "ஆன்ட்டி, மருதாணி சூப்பரா பிடிச்சிருக்கு! யார் போட்டு விட்டா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை என்றேன்.

அந்தப் பீருக்குப் பரிசு கிடைக்கவில்லை. சுவை சுமார், நிறம் அதிகம், ஆனால் மிகமிகச் சுத்தம் என்று நடுவர்கள் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். முப்பத்தொரு வருஷத்தில் எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் எனக்கு யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. காபி எடுக்கப் போகும்போதெல்லாம் ஒருமுறை படித்துக்கொள்கிறேன். நான் ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை, மோந்ததோடு சரி.

தங்கள் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். "அம்மா மனசு கஷ்டப்பட வேண்டாங்க, இனிமேல் காய்ச்ச மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டார். வாளி, குழாய், புட்டி எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றியாயிற்று. தாங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

சம்பந்திக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம். சென்னிமலை முருகன் இரண்டு வீட்டையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ராமாத்தாள்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் சங்கத்துத் தலைவர் போன் செய்தார். பாத்திரச் சுத்தம் பற்றி நான் வந்து பேச வேண்டுமாம். செப்டம்பர் தொடங்கி மாதம் ஒரு கூட்டம், மொத்தம் ஐந்து. நாற்பது பேர் வருவார்கள், மொழிபெயர்ப்பு மாப்பிள்ளை. செய்து காட்டாமல் பேசினால் யாருக்கும் புரியாது என்பதால் கூட்டத்துக்கு ஐந்து காலன் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன். "அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டனே" என்று அவர் தயங்கினார், நான்தான் விடவில்லை. விசாவை ஆறு மாதம் நீட்டிக்கவும் எழுதிப் போட்டாயிற்று. ஆகையால் மேலே "இனிமேல்" என்று வருகிற இடத்தில் "பிப்ரவரி முதல்" என்று வாசித்துக்கொள்ளவும்.